நாலு நாள் லீவில் தானாகப் பேசிய போன்

தீபாவளியை ஒட்டி நாலு நாள் லீவு முடிந்து அலுவலகங்கள் திறந்த காலை. ஒன்பதரை மணிக்கு ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளர் என்னைக் கூப்பிட்டார். "நாலு நாளா ஆபீஸ் பூட்டித்தானுங்க இருந்துச்சு. ஐஎஸ்டி பில்லு ஒண்ணே முக்கால் லட்சம் தாண்டிருச்சுன்னு லைன் குடுத்தவங்க போன் பண்றாங்க. என்னன்னு கொஞ்சம் வந்து பாருங்க."

கோவையைச் சுற்றியுள்ள அலுவலகங்களுக்கு இணையம் வழியாகப் பேசும் ஐபி போன் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. இந்த ஆபீஸில் நான் வேலை செய்ததில்லை. இருந்தாலும் போனேன்.

அழைப்புப் பதிவைத் திறந்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. லீவின் முதல் நாள் இரவு பதினொரு மணிக்குமேல் ஆரம்பித்திருக்கிறது. 200 என்ற எக்ஸ்டென்ஷனிலிருந்து, அதாவது ஆபீஸுக்குள் ஒரு போனுக்குக் கொடுத்த உள் எண்ணிலிருந்து, ஒரே சமயத்தில் ஆறேழு அழைப்புகள், கணக்காளர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத தீவு நாடுகளின் எண்களுக்கு. 200 என்பது ரிசப்ஷன் போன். அதன் பாஸ்வேர்டும் 200. முதலாளி, வீட்டில் இருக்கும்போதும் மொபைலில் ஆபீஸ் லைனை எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். போட்டுக் கொடுத்தவர் ரவுட்டரில் 5060 போர்ட்டை உலகத்துக்கே திறந்து வைத்து, பேசிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

5060 என்பது இணையப் போன்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் சிப் (SIP) என்ற முறையின் வழக்கமான வாசல். அந்த வாசல் எங்கே திறந்திருக்கிறது என்று இரவு பகலாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இணையத்தில் திரிகின்றன. புதிதாக ஒரு சர்வரை வெளியே காட்டினால் ஒரு நாள் முழுதாகத் தாங்காது, தட்டல் பதிவாகிவிடும். தட்டுகிறவற்றில் ஒன்று தன் பெயரை 'ஃப்ரெண்ட்லி ஸ்கேனர்' என்று சொல்லிக்கொண்டு வரும். முதன்முதலில் பதிவில் அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. பாதுகாப்புச் சோதனைக்காக எழுதப்பட்ட கருவி அது. இப்போது யார் யார் கையிலோ இருக்கிறது.

வாசல் திறந்திருப்பது தெரிந்ததும் 100, 101, 200 என்று எக்ஸ்டென்ஷன்களையும், அதே எண்களைப் பாஸ்வேர்டாகவும் போட்டுப் பார்ப்பார்கள். ஒன்று திறந்தால் போதும், விடுமுறைக்குக் காத்திருப்பார்கள். தீவு நாட்டு எண்கள் எதற்கு? சில எண்களுக்கு வரும் அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு எண்ணை வைத்திருப்பவருக்குப் போகும். அவர்கள் எண்ணுக்கு அவர்களே நம் காசில் பேசிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். லைன் கொடுத்த கம்பெனியிடம் கெஞ்சிப் பார்த்தார்கள். அழைப்பு உங்கள் இடத்திலிருந்துதானே போயிருக்கிறது என்று பதில் வந்தது. பாதிக்கு மேல் கட்டினார்கள்.

அன்று மாலைக்குள் செய்து முடித்த வேலை இவ்வளவுதான். எக்ஸ்டென்ஷன் ஒவ்வொன்றுக்கும் இருபது எழுத்துப் பாஸ்வேர்ட் போட்டேன். போனுக்குள் ஒருமுறை ஏற்றினால் போதும், யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. 5060 வாசலை மூடினேன். முதலாளியின் மொபைலுக்கு விபிஎன், அதாவது இணையத்துக்குள் பூட்டுப் போட்ட தனி வழி. ஐஎஸ்டி தேவைப்படும் இரண்டு மேசைகளுக்கு மட்டும், அதுவும் அவர்கள் வியாபாரம் செய்யும் நாடுகளுக்கு மட்டும் அனுமதி. இரவு எட்டு மணிக்குமேல் அதுவும் கிடையாது. லைன் கொடுத்தவரிடம் ஒரு நாளைய ஐஎஸ்டி செலவுக்கு உச்சவரம்பு எழுதி வாங்கினோம். இதை முன்பே கேட்டிருந்தால் நஷ்டம் சில ஆயிரங்களோடு நின்றிருக்கும்.

போனின் ஐபி முகவரியை பிரவுசரில் தட்டினால் அதற்கென்று ஒரு செட்டிங்ஸ் பக்கம் திறக்கும் என்பது பலருக்குத் தெரியாது. எத்தனையோ ஆபீஸ்களில் அங்கே 'அட்மின், அட்மின்' என்று கொடுத்தால் உள்ளே போய்விடலாம். வரும் அழைப்பை வெளி எண்ணுக்குத் திருப்பிவிடுவது உட்பட எல்லாமே அங்கிருந்து முடியும். விருந்தினருக்குக் கொடுக்கும் வைஃபையும் போன்களும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால், வந்து உட்கார்ந்து காபி குடிக்கிறவருக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது. போன்களைத் தனி விலானில், அதாவது அதே கேபிள்களில் ஓடினாலும் தனியாக நிற்கும் நெட்வொர்க்கில், பிரித்து வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதனால்தான்.

அடுத்தது, போனின் பின்பக்கம். மேசை போனைத் திருப்பிப் பார்த்தால் ஒரே மாதிரி இரண்டு கேபிள் ஓட்டைகள் இருக்கும். ஒன்று சுவரிலிருந்து வரும் கேபிளுக்கு. இன்னொன்று பக்கத்தில் உள்ள கம்ப்யூட்டருக்கு. ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பெயிண்ட் அடிக்க மேசைகளை நகர்த்தித் திரும்பப் போட்டிருக்கிறார்கள். போனின் கம்ப்யூட்டர் ஓட்டையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையைப் பார்த்த யாரோ, நல்ல மனசோடு, காலியாக இருந்த சுவர் சாக்கெட்டில் செருகிவிட்டார்கள். இப்போது போனின் இரண்டு ஓட்டைகளும் ஒரே ஸ்விட்ச்சுக்கு, அதாவது ஆபீஸ் கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் பெட்டிக்கு, போகின்றன. உள்ளே போன தகவல் வெளியே வர வழியில்லாமல் சுற்றிச் சுற்றி, இருபது நிமிடத்தில் மொத்த ஆபீஸும் படுத்துவிட்டது. போன், டேலி, பிரிண்டர் எதுவும் இல்லை. நான் போனபோது ஸ்விட்ச்சின் விளக்குகள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து துடித்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தாலே நோய் புரிந்துவிடும். ஆனால் எந்த மேசை? கேபிளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்ததில் பதினேழாவது கேபிளில் விளக்குகள் அடங்கின. ஸ்விட்ச்சில் இப்படிச் சுற்றுவதை நிறுத்தும் லூப் தடுப்பை இயக்கி வைத்திருந்தால் அந்த ஒரு ஓட்டை மட்டும் தானாக மூடிக்கொண்டிருக்கும். விலை குறைந்த ஸ்விட்ச்சில் அந்த வசதியே இருக்காது. போனுக்கு ஐயாயிரம் கொடுத்துவிட்டு ஸ்விட்ச்சில் மிச்சம் பிடிப்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்பதையும் முதல் நாளே கேளுங்கள். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருந்தது. ஊரே இருட்டாக இருந்தாலும் டயல் டோன் வரும். ஐபி போனுக்கு கேபிள் வழியாக ஸ்விட்ச்தான் மின்சாரம் தர வேண்டும். சாதாரண மேசை போன் ஐந்து வாட் அளவில்தான் இழுக்கும், இருபது போனுக்கு நூறு வாட். யூபிஎஸ் தாங்கிவிடும். ஆனால் ஸ்விட்ச்சையும் ரவுட்டரையும் யூபிஎஸ்ஸில் போட்டவர்கள், வாட்ச்மேன் மேசைக்குமேல் மாட்டியிருக்கும் ஃபைபர் பெட்டியை மறந்துவிடுவார்கள். அது நேரடிக் கரண்டில் ஓடும். மின்வெட்டில் போன்களில் விளக்கு எரியும், கூப்பிட்டால் போகாது.

குரல் விட்டு விட்டு வருகிறது என்றால் உடனே எல்லோரும் நெட் ஸ்பீடு போதவில்லை என்பார்கள். குரலைத் தகவலாக மாற்றும் ஜி.711 முறையில் ஓர் அழைப்புக்கு ஒரு திசையில் சுமார் 87 கேபிபிஎஸ் போதும். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸைத் தொடாது. குரல் 20 மில்லி விநாடித் துண்டுகளாக, விநாடிக்கு ஐம்பது வீதம் போகிறது. கேமரா பதிவையோ பேக்கப்பையோ யாராவது மேலே ஏற்றும்போது இந்தக் குட்டித் துண்டுகள் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிய சைக்கிள்போல நின்றுவிடுகின்றன. ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அழைப்பு நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே ஏறக்குறைய அரை நிமிடத்தில் துண்டிக்கிறதா? கடிகாரத்தை வைத்துப் பாருங்கள், அனேகமாக 32 விநாடி இருக்கும். சிப் விதியில் 'கிடைத்தது' என்ற உறுதிச் செய்தி வராவிட்டால் எதிர்முனை அவ்வளவு நேரம்தான் காத்திருக்கும். ரவுட்டரில் சிப் ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும். உதவி செய்வதாக நினைத்துச் செய்தியில் உள்ள முகவரியை மாற்றிக் கெடுத்துவிடும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்பதற்கும் பல நேரம் இதுவே காரணம். அதை அணைத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன்.

இத்தனை சொன்னாலும், எனக்கு வரும் புகார்களில் அதிகம் எது தெரியுமா? "போன் அடிக்கவே மாட்டேங்குது." போய்ப் பார்த்தால் திரையின் ஓரத்தில் டிஎன்டி, அதாவது 'தொந்தரவு செய்யாதே' என்று சின்னதாக எரிந்துகொண்டிருக்கும். துடைக்கும்போது கை பட்டிருக்கும். இப்போதெல்லாம் யாருக்கும் அவசியமில்லை என்றால் அந்த பட்டனையே செயலிழக்கச் செய்துவிட்டு வருகிறேன். அப்புறம் ஹோல்டும் மியூட்டும். மியூட் என்று நினைத்து ஹோல்டை அழுத்தினால் வாடிக்கையாளருக்குப் பாட்டு கேட்கும், பரவாயில்லை. ஹோல்ட் என்று நினைத்து ஸ்பீக்கரை அழுத்திவிட்டு "அந்த ஆளுக்கு இன்னும் சரக்கு அனுப்பலையா" என்று பேசியவர்களும் உண்டு.

கடைசியாக, அவசர அழைப்பு. 2013இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் ஒரு ஹோட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய ஒன்பது வயது மகள் 911ஐ நான்கு முறை அழுத்தினாள். வெளி லைனுக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை. தாய் இறந்துவிட்டார். முன் எண் இல்லாமலே 911 போக வேண்டும் என்று அங்கே 2018இல் சட்டம் வந்தது. நம் ஆபீஸ்களில் வெளி லைனுக்கு 0 அழுத்துவது இன்னமும் வழக்கம். எந்த எண்ணை அழுத்தினால் அழைப்பு எப்படிப் போகும் என்று சொல்லும் டயல் ப்ளானில் 112, 108, 101 மூன்றும் 0 போட்டாலும் போடாவிட்டாலும் போகிறதா என்று பாருங்கள். 112ஐச் சும்மா கூப்பிட்டுச் சோதிக்க வேண்டாம், டயல் ப்ளானில் அதற்கான பதிவு இருக்கிறதா என்று பார்த்தால் போதும். திருப்பூர்க் கிளையின் போன்கள் சென்னைத் தலைமை அலுவலக லைன் வழியாக வெளியே போகின்றன என்றால், கூப்பிட்டவர் சென்னையில் இருப்பதாகத் தெரிய வாய்ப்பு உண்டு. அப்படிப்பட்ட கிளைகளில் போனுக்குப் பக்கத்தில் முழு முகவரியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிட்டு வருகிறேன். பதற்றத்தில் கதவு எண் யாருக்கும் நினைவுக்கு வராது.