பாராசிட்டமால்: ஒரே மருந்து, ஊருக்கொரு பெயர்

மருந்துச்சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்குகிற மாத்திரைகளில் இதை ஒருமுறையாவது போடாதவர் நம்மில் குறைவு. ஆனால் பெயர் சொல்லிக் கேட்பவரும் குறைவு. இங்கே டோலோ, குரோசின், கால்பால் என்பார்கள், யாழ்ப்பாணத்தில் பனடோல். உள்ளே இருப்பது ஒன்றேதான்.

பாரா-அசிட்டைல்-அமினோ-ஃபீனால் என்ற நீளமான வேதிப்பெயரிலிருந்து பாரா, அசிட், அம், ஆல் என்று நான்கு துண்டுகளைப் பிய்த்துக் கோத்ததுதான் பாராசிட்டமால். அமெரிக்காவில் அதையே வேறு இடத்தில் வெட்டி அசிட்டமினோஃபென் என்றார்கள். 1955இல் அங்கே விற்பனைக்கு வந்த டைலெனால், அசிட்டைலின் வாலும் ஃபீனாலின் வாலும் ஒட்டியது! இதில் 'அசிட்' வந்த வழி எனக்குப் பிடிக்கும்: லத்தீனில் அசிட்டம் என்றால் புளிக்காடி, அதாவது வினிகர்.

சரி, தமிழில்? பேச்சில் காய்ச்சல் மாத்திரை. காய்ச்சலடக்கி, வலிநீக்கி என்று கலைச்சொற்கள் உண்டு, ஆனால் அவை வகைப்பெயர்கள், ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபெனும்கூட அதற்குள் அடங்கிவிடும். டெங்குக் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுக்கலாம், அந்த இரண்டும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் ஆகாது. அதனால் எதற்கெடுத்தாலும் தமிழ்ச்சொல் தேடும் நானே இதை மட்டும் அப்படியே விட்டுவிடச் சொல்வேன், அட்டையில் தேட வேண்டிய சொல் இதுதான்.

போன மழைக்காலத்தில் காலையில் ஒரு 650 போட்டுவிட்டு, அரை மணி கழித்துச் சளிக்கென்று வாங்கிய வேறொரு மாத்திரையைப் பிதுக்கப் போனேன். வெள்ளி அட்டையின் பின்பக்கம், எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்தில், பாராசிட்டமால் 500 மில்லிகிராம். ஆக 1150. பெரியவர்களுக்கே ஒரு வேளைக்கு 1000, ஒரு நாளைக்கு 4000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு, குடிப்பவர்களுக்கும் கல்லீரல் பழுதானவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அளவு மீறினால், மருந்து உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சைக் கல்லீரலால் முறிக்க முடியாமல் போகும். முதல் நாள் குமட்டலைத் தவிர பெரிதாக ஒன்றும் தெரியாது, அதுதான் இதில் மோசமான விஷயம்.

அப்புறம் மாத்திரை. வடமொழி மாத்ரா, பொருள் அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று இலக்கணத்தில் படித்தோமே, அதே மாத்திரைதான். ஈழத்தில் குளிசை என்கிறார்கள். தனித்தமிழில் வில்லை என்று எழுதுவதுண்டு, எங்கள் தெருவில் போய் வில்லை கேட்டால் கற்பூரம்தான் கிடைக்கும்.