ஒர்க்ஃபோர்ஸ்: மனிதவளமா, தொழிற்படையா, உழைப்பாளர் திரளா?

ஒரு பெருநகரத்தின் பொருளாதாரத்தை எப்படி வளர்ப்பது என்று தமிழில் வரும் எந்தக் கட்டுரையைத் திறந்தாலும் நாலாவது வரியில் 'மனிதவள மேம்பாடு' வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆங்கில மூலத்தில் பெரும்பாலும் ஒர்க்ஃபோர்ஸ் (workforce) என்றுதான் இருந்திருக்கும். இரண்டும் ஒன்றல்ல.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒர்க் தெரிந்ததுதான். ஃபோர்ஸ், 'வலிமையான' என்று பொருள்படும் ஃபோர்ட்டிஸ் என்ற லத்தீன் சொல்வழி, பிரெஞ்சு மூலமாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் வலிமை, அப்புறம் வலிமையுள்ள ஆட்கூட்டம், அதாவது படை. ஓர் ஊரிலோ நிறுவனத்திலோ வேலை செய்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்தால் ஒர்க்ஃபோர்ஸ். அவ்வளவுதான்.

இதில் 'வளம்' எங்கிருந்து முளைத்தது? மனிதவளம் என்பது ஹியூமன் ரிசோர்ஸுக்குச் செய்த சொல். அலுவலகங்களில் ஆளெடுத்து, விடுப்புக் கணக்குப் பார்க்கும் பிரிவின் பெயராக ஒட்டிக்கொண்டது. நீர்வளம், நிலவளம், கனிமவளம் என்ற வரிசையில் மனிதரையும் கொண்டுபோய் நிறுத்துவது எனக்கு அறவே பிடிக்கவில்லை. 1944-இல் பிலடெல்ஃபியாவில் கூடிய பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு, உழைப்பு ஒரு சரக்கல்ல என்பதைத்தான் தன் பிரகடனத்தில் முதல் கொள்கையாக வைத்தது. சரி, இந்தக் கோபத்தை விட்டுவிடுவோம். கணக்கே உதைக்கிறதே!

ஒரு நகரில் வயதுவந்தோர் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 55 பேர் வேலையில் இருக்கிறார்கள், 5 பேர் தேடுகிறார்கள். மீதி 40 பேர் படிக்கிறார்கள், வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார்கள், அல்லது தேடித் தேடி அலுத்துப்போய்விட்டார்கள். நகர அளவில் பேசும்போது ஒர்க்ஃபோர்ஸுக்குப் பதில் புள்ளியியலாளர் எடுத்துக்கொள்வது லேபர் ஃபோர்ஸ் (labour force) என்ற கணக்கை, அதாவது முதல் இரண்டு வகையையும் சேர்த்த 60 பேரை. வேலையின்மை 60-இல் 5, அதாவது 8.3%. தேடுகிறவர்களில் இருவர் கைவிட்டால் 58-இல் 3, 5.2% ஆகிவிடும், ஒருவருக்கும் வேலை கிடைக்காமலே விகிதம் இறங்கிவிட்டது! மாறாக, மாநகராட்சி குழந்தைக் காப்பகம் திறந்து, பேருந்தும் விட்டதால் அந்த 40 பேரில் நால்வர் புதிதாக வேலை தேடத் தொடங்கினால் 64-இல் 9, அதாவது 14%. உருப்படியான திட்டம்தான், ஆனால் முதலில் எண் மோசமாகத்தான் தெரியும். 'மனிதவளம்' என்று எழுதுகிறவருக்கு இந்த 100 பேரும் ஒரே மூட்டை. அவர் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு இந்தத் திட்டம் பலித்ததா இல்லையா என்று யார் சொல்ல முடியும்?

இலங்கைத் தமிழில் லேபர் ஃபோர்ஸுக்குத் 'தொழிற்படை' வேரூன்றிவிட்டது. மனிதவளத்தைவிட எவ்வளவோ மேல், குறைந்தபட்சம் ஆட்கூட்டம் என்ற பொருள் நிற்கிறது. ஆனாலும் படை என்றால் ஒருவர் ஆணைக்குக் கட்டுப்பட்டு நடப்பது. வள்ளுவரே 'படைகுடி கூழ்அமைச்சு' என்று படையையும் குடியையும் தனித்தனியாகத்தானே எண்ணுகிறார்? உழைக்கிறவர்கள் குடியில் சேர்வார்கள். 'உழைப்பாளர் தொகை' என்றும் ஒரு யோசனை உண்டு. மக்கள்தொகை போல ஒலிக்கிறது, நல்லதுதான்; ஆனால் உதவித்தொகை, ஊக்கத்தொகை பழகிய கண்ணுக்கு ஏதோ பணம் கொடுக்கிறார்கள் போலத் தோன்றும்.

என் தேர்வு 'உழைப்பாளர் திரள்'. வேலையில் இருப்போரும் தேடுவோரும் இதில் அடக்கம். வேலையில் இருப்போரை மட்டும் சொல்ல வேண்டிய இடத்தில் 'பணியில் இருப்போர்' என்று நேராக எழுதிவிடலாம், புதுச்சொல் எதற்கு? ஒர்க்ஃபோர்ஸ் டெவலப்மெண்ட் என்று வந்தால் பெரும்பாலும் அது தொழிற்பயிற்சி, அப்படியே எழுதுங்கள். ஆங்கிலச் சொல் ஒன்று என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நம் மொழிபெயர்ப்பாளர்கள் பலர் வாக்கியத்தைப் படிப்பதில்லை, சொற்பட்டியலைத்தான் புரட்டுகிறார்கள்.

இன்னொன்று. 'நகரின் உழைப்பாளர்' என்றால் நகரில் குடியிருப்பவர்களா, நகருக்கு வந்து வேலை செய்பவர்களா? லண்டனின் நடுவே சிட்டி ஆஃப் லண்டன் என்ற சிறு பகுதியில் 2021 கணக்கெடுப்பின்படி குடியிருப்போர் சுமார் 8,600 பேர். அங்கே வேலை செய்வோரோ அதற்குப் பின் வந்த கணக்குகளில் 6 லட்சத்துக்கும் மேல். முன்னவருக்கு வீட்டுவசதித் திட்டம், பின்னவருக்கு ரயில். எந்த உழைப்பாளர் என்று மூலத்தில் தெளிவாக இல்லையென்றால் எழுதியவரிடமே கேட்டுவிடுங்கள்.