ஃபிலௌதியா: 'சுயநலம்' ஏன் பொருந்தாது?

ஃபிலௌதியா என்பது தன்மேல் கொள்ளும் அன்பைக் குறிக்கும் பண்டைய கிரேக்கச் சொல். தமிழில் எழுதப் போனால் கைக்கு முதலில் வருவது 'சுயநலம்'. அப்படி எழுதினால் அரிஸ்டாட்டில் சொன்னது தலைகீழாகிவிடும்.

சொல்லைப் பிரிப்பது எளிது. 'ஃபிலோஸ்' என்றால் பிரியமான, 'ஔதோஸ்' என்றால் தான். ஹோமரின் காவியங்களில் ஒருவனுடைய முழங்காலுக்கும் நெஞ்சுக்கும்கூட 'ஃபிலோஸ்' அடைமொழியாக வரும். அங்கே 'தன்னுடைய' என்று கொண்டால்தான் வரி ஓடுகிறது.

இதன் உடன்பிறப்பு 'ஃபிலியா'. நட்பு என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் தாய்க்குப் பிள்ளைமேல் உள்ள பாசம், ஒரே கப்பலில் போகிறவர்களின் பழக்கம், வியாபாரத் தொடர்பு எல்லாமே அரிஸ்டாட்டிலுக்கு ஃபிலியாதான். உறவினர், நண்பர் இருவரையும் குறிக்கும் 'கேள்' என்பதிலிருந்து வந்த 'கேண்மை' இன்னும் நெருக்கம்.

கேண்மை என்றால் கொடுக்கல் வாங்கலும் உண்டு. அரிஸ்டாட்டில் ஒரு கதை சொல்கிறார். கிதாரா என்ற யாழ் போன்ற கருவியை இசைத்துப் பாடுகிற ஒருவனிடம், "எவ்வளவு நன்றாகப் பாடுகிறாயோ அவ்வளவு கூலி" என்கிறான் ஒருவன். மறுநாள் காலை கூலி கேட்டால், "நீ எனக்கு இன்பம் தந்தாய், நானும் ஆசை காட்டி இன்பம் தந்தேன், கணக்குச் சரி" என்கிறான். சரியில்லை என்கிறார் அரிஸ்டாட்டில். ஒருவன் கேட்டது இன்பம், மற்றவன் கேட்டது கூலி, ஒருவனுக்குத்தான் கிடைத்தது.

அப்புறம் தன்மேல் உள்ள அன்பு. மட்டுமீறிய தன்னன்பே எல்லாத் தவறுகளுக்கும் காரணம் என்று பிளேட்டோவின் 'சட்டங்கள்' சொல்கிறது. அன்றைய கிரேக்கப் பேச்சுவழக்கிலும் அந்தச் சொல் வசைதான். 'நிக்கோமாக்கிய அறவியல்' 9ஆம் நூலில் அரிஸ்டாட்டில் இதைப் புரட்டிப் பார்க்கிறார். பணம், பதவி, உடல்சுகம் இவற்றில் பெரிய பங்கை அள்ளுகிறவனைத் திட்டுவது நியாயம். ஆனால் நண்பனுக்குப் பணத்தை விட்டுக்கொடுக்கிறவன்? பணம் நண்பனுக்கு, செயலின் மேன்மை இவனுக்கு. பெரிய பங்கு இவனுடையதுதான்! உண்மையில் தன்னை நேசிப்பவன் இவனே என்கிறார்.

ஆகவே நமக்கு வேண்டியது ஏச்சுக்கும் பாராட்டுக்கும் இடம் தரும் சொல். 'சுயநலம்' ஏச்சு மட்டும். 'சுயமோகம்' மனநோய் வாடை அடிக்கிறது. 'தன்னன்பு' ஒரேயடியாக நல்லபிள்ளை. என் தேர்வு 'தற்பற்று'. நாட்டுப்பற்று, மொழிப்பற்று என்றால் பாராட்டு. பற்றறுக்கச் சொல்லும்போது அதே பற்று கால்விலங்கு. 'தற்பெருமை'யின் தம்பி போலக் காதில் விழும் என்பார்கள். விழட்டுமே, கிரேக்கச் சொல்லுக்கும் அந்தக் கெட்ட பெயர் இருந்தது.