கைக்கு அளவு தெரியாது

இந்த மாதத்தில் இது மூன்றாவது கார்பன் சீட் போஸ்ட், அதாவது சைக்கிள் இருக்கையைத் தாங்கும் கார்பன் ஃபைபர் குழாய். போல்ட்டால் இறுக்கும் வளையமான கிளாம்ப் பிடித்த இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. "அதிகமாக இறுக்கவேயில்லை, என் கைக்கு அளவு தெரியும்" என்றார் கொண்டுவந்தவர். முந்தைய இருவரும் இதையேதான் சொன்னார்கள்.

தெரியாது. தினமும் போல்ட் திருகுகிற எனக்கே தெரியாது. பல கிளாம்புகளில் 5 நியூட்டன் மீட்டர் என்று இறுக்க அளவு போட்டிருக்கும். போல்ட் திருகும் 10 சென்டிமீட்டர் நீள அலன் கீயின் நுனியில் ஏறக்குறைய 5 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் இறுக்கம், அவ்வளவுதான். 'எதற்கும் இருக்கட்டும்' என்று கொடுக்கும் அந்தக் கடைசிக் கால் திருகு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். நம் கை பழகியதெல்லாம் இரும்பில். இரும்பு நசுங்கும், வளையும், ஏதோ ஒரு விதத்தில் எச்சரிக்கும். கார்பன் அப்படியல்ல. உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். மேலே பெயிண்ட் பளபளக்கும். சீட் போஸ்ட்டாவது பரவாயில்லை. ஹேண்டில்பார் இறக்கத்தில் முறிந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

"போஸ்ட் கீழே இறங்குகிறது, அதனால்தான் இறுக்கினேன்" என்பது அடுத்த சமாதானம். இறங்கினால் முதலில் கழற்றிப் பாருங்கள். யாராவது கிரீஸ் தடவியிருந்தால் துடைத்துவிட்டுக் கார்பன் பேஸ்ட் பூசுங்கள். அதிலுள்ள நுண்துகள்கள் பிடிப்பைக் கொடுக்கும். குறைந்த இறுக்கமே போதும். விட்டத்தையும் அளந்துவிடுங்கள். 27.2 மில்லிமீட்டர் துளையில் 27.0 போஸ்ட்டைச் செருகிவிட்டு போல்ட்டோடு மல்லுக்கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

டார்க் ரெஞ்ச் வாங்குங்கள். நாம் வைத்த இறுக்க அளவை எட்டியதும் 'கிளிக்' என்று சொல்லும் திருகி அது. ஒரு கார்பன் ஹேண்டில்பாரைவிட மலிவுதான். கார் சக்கரத்துக்கான பெரிய ரெஞ்ச் வேண்டாம், 5 என்ற அளவு அதில் இருக்கவே இருக்காது. 'மேக்ஸ்' என்று அச்சிட்டிருந்தால் அது உச்சவரம்பு. எட்டியே தீர வேண்டிய இலக்கல்ல. 'கிளிக்' என்றதும் நிறுத்துங்கள். உறுதி செய்துகொள்ள இன்னொரு கிளிக் கேட்காதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மில் நான்கு போல்ட் இருந்தால் குறுக்காக, ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகுங்கள். துருப்பிடித்த போல்ட்டைக் கழற்ற இந்த ரெஞ்சை எடுக்காதீர்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி வையுங்கள்.

அந்த மூன்றாமவர் கிளம்பும்போது கேட்டார்: "போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு இதையே ஓட்டலாமா?" தயவுசெய்து வேண்டாம். தளர்த்தினால் வெடிப்பு மூடிக்கொள்ளாது.