ரோடியோ: மாடு வளைத்த சொல்

ரோடியோ என்றதும் துள்ளும் காளையும், அதன் முதுகில் 8 விநாடி தாக்குப்பிடிக்கப் போராடும் ஆளும்தான் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் சொல்லுக்குள் காளையும் இல்லை, சவாரியும் இல்லை. ஸ்பானிய மொழியில் 'ரோதெயார்' என்றால் சுற்றி வளைத்தல். அதிலிருந்து பிறந்தது 'ரோதேயோ'. இன்னும் பின்னே போனால், சக்கரத்தைக் குறிக்கும் 'ரோட்டா' என்ற லத்தீன் சொல்.

வேலி இல்லாத மெக்சிகோ, கலிபோர்னியா மேய்ச்சல் வெளிகளில் பல பண்ணைகளின் மாடுகள் கலந்து மேயும். குதிரையில் போய் அவற்றை வளைத்துச் சேர்த்து, யாருடையது எது என்று பிரித்து, கன்றுகளுக்குச் சூடு போடுவார்கள். அந்த வேலைக்குத்தான் ரோதேயோ என்று பெயர். சுருக்குக் கயிறு வீசுவதில் யார் கெட்டிக்காரன் என்ற பந்தயம் அப்புறம் வந்தது. டிக்கெட் அதற்கும் அப்புறம்.

இந்தச் சொல் போன வழியிலேயே போனவர் பென் ஜான்சன். 1918இல் ஒக்லஹோமாவில் பிறந்த பண்ணைப் பையன். அப்பாவும் ரோடியோவில் பேர் போனவர். ஒரு படத்துக்கான குதிரைகளோடு ஹாலிவுட் போன ஜான்சன், அங்கேயே தங்கி டூப் போட்டார், பிறகு நடிகரானார். 1953இல் படங்களை ஒதுக்கிவிட்டு ரோடியோவுக்குத் திரும்பி, இருவர் சேர்ந்து கயிறு வீசும் போட்டியில் உலகப் பட்டம் வென்றார். ஒருவர் கொம்புக்கும் மற்றவர் பின்னங்கால்களுக்கும் சுருக்குப் போடும் ஆட்டம் அது. பட்டம் கிடைத்தது, கையில் காசு மிஞ்சவில்லை; மறுபடி சினிமாதான். 1972இல் சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் வாங்கினார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஏறுதழுவல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் பொருந்தாது. அது தரையில் நின்று காளையைத் தழுவுவது. இங்கே பாதி ஆட்டம் குதிரை மேல். கவ்பாய்க்குச் சங்கப் பாடல்களின் 'கோவலன்' கச்சிதமான சொல்தான். என்ன செய்ய, இன்று அந்தப் பெயரைக் கேட்டால் கண்ணகிதான் வந்து நிற்பாள்! 'மாட்டுக்காரன்' போதும். பழைய பண்ணை வேலைக்கு 'மந்தை வளைப்பு' என்பேன். போட்டியை ரோடியோ என்றே விட்டுவிடலாம். ஜான்சன் பிழைப்புக்குக் கற்றது மந்தை வளைப்பு. பட்டம் வாங்கியது ரோடியோவில்.