ஆள் கணக்கு சரியாக இருந்தும் ஒரு பக்கம் ஏன் காலியாகிறது?

மறுபடியும் அதே புகார். இந்த முறை ஒரு சின்ன டீம். இரண்டாம் உலகப் போர் விமானங்களை வைத்து மூன்று நாடுகள் மோதும் ஆன்லைன் ஆட்டம் ஒன்றைக் கட்டிச் சோதனைக்கு விட்டிருக்கிறார்கள். "சார், மூணு நாட்டுக்கும் ஆள் சமமா இருக்கு. ஆள் எண்ணிக்கையைத் தானா சமப்படுத்துற ஆட்டோ பேலன்ஸ் ஆன்லதான் இருக்கு. ஆனாலும் ராத்திரி ஒன்பதரைக்கு மேல ஒரு நாடு மொத்தமா லாகவுட் ஆயிடுது. நெட்வொர்க் பிரச்சினையா இருக்குமோ?"

நெட்வொர்க் பிரச்சினை இல்லை. ஆன்லைன் ஆட்டங்களில் ஆள் பகிர்வும் மேப் அமைப்பும்தான் எனக்குத் தொழில். ஊர் மாறுகிறது, ஆட்டத்தின் பெயர் மாறுகிறது, இந்தப் புகார் மட்டும் ஒரு எழுத்துகூட மாறாமல் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. இனி கேட்பவர்களுக்கு இதன் லிங்க்கை அனுப்பிவிடுவதாக இருக்கிறேன்.

லாபியில், அதாவது ஆட்டத்துக்குள் போகுமுன் வரும் திரையில், தெரியும் எண்ணிக்கைக்கும் ஆட்டத்தின் சமநிலைக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. முக்கால்வாசிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். "நாற்பது, நாற்பது, நாற்பது" என்று திரையில் வந்ததும் பேலன்ஸ் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கல்யாண மண்டபத்தில் மொத்த இலையும் மொத்த விருந்தாளியும் சமம் என்று கணக்குப் போட்டுவிட்டு, முதல் பந்தியில் நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்க்காமல் இருப்பது மாதிரிதான் இது. அந்த நாற்பது பேர் எந்தப் போர்முனையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் உண்மையில் சண்டையில் இருக்கிறார்கள், எத்தனை பேர் இன்னும் ஓடுபாதையிலோ பாதி வழியிலோ இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

நம்பாதவர்களுக்காகக் கொஞ்சம் எண்களோடு சொல்கிறேன். பிரடெரிக் லான்செஸ்டர் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1916-லேயே விமானப் போரைப் பற்றிய புத்தகத்தில் இதை எழுதி வைத்துவிட்டார். தூரத்திலிருந்து சுடும் ஆயுதங்கள் இருக்கும் இடத்தில் ஒரு படையின் பலம் ஆள் எண்ணிக்கையாக வளர்வதில்லை, எண்ணிக்கையின் வர்க்கமாக வளர்கிறது. இரண்டு பக்கமும் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் வடக்கு முனையில் 10, தெற்கு முனையில் 10 என்று பிரிந்து நிற்கிறது. மறுபக்கம் 20 பேரும் சேர்ந்து வடக்கே போகிறார்கள். 20-இன் வர்க்கம் 400, 10-இன் வர்க்கம் 100, மீதி 300. அதன் வர்க்கமூலம் 17-க்குக் கொஞ்சம் மேல். அதாவது வடக்கே இருந்த பத்துப் பேரையும் முடித்துவிட்டு, மூன்றே பேரை இழந்து நிற்கிறார்கள். அப்புறம் அந்த 17 பேரும் தெற்கே திரும்புகிறார்கள். அங்கேயும் 10 பேர்தான். 300-இல் 100 போனால் 200, வர்க்கமூலம் 14. தொடங்கும்போது இருபதுக்கு இருபது, முடியும்போது பதினான்குக்குப் பூஜ்யம். திறமையில் யாரும் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆள் கணக்கிலும் தப்பு இல்லை.

வான்சண்டையில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே விமானத்தைச் சுட முடியாது. ஒருவன் வாலைப் பிடிக்க ஒருவனுக்குத்தான் இடம். அதனால் நிஜ விளைவு இவ்வளவு கடுமையாக இருக்காது என்பதை ஒப்புக்கொள்கிறேன். போகும் திசை மட்டும் இதுவேதான். இன்னொரு விஷயம், ஆட்டத்தில் செத்தவன் திரும்பி வருவான், அதற்கு ரீஸ்பான் என்று பெயர். லான்செஸ்டர் கணக்கில் செத்தவன் செத்தவன்தான். 'ரீஸ்பான் இருப்பதால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும்' என்று சில டிசைனர்கள் என்னிடம் வாதாடுவதும் இதை வைத்துத்தான். ஆகாது. ரீஸ்பான் இருக்கும் ஆட்டத்தில் சாவு என்பது நேர இழப்பு. எவ்வளவு நேரம் என்பதைத் தூரம் முடிவுசெய்கிறது.

ஒரு விமானதளத்தின் மேல் நடக்கும் சண்டையை எடுத்துக்கொள்வோம். தாக்குபவர்கள் 24 பேர், அவர்களுடைய தளம் 25 மைல் தள்ளி. டேக்-ஆஃப், உயரம் ஏறுவது, வந்து சேர்வது எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். வந்தபின் சராசரியாக ஐந்து நிமிடம் உயிரோடு சண்டை போடுகிறார்கள். ஆக, பதினைந்து நிமிடச் சுற்றில் ஐந்து நிமிடம்தான் ஒருவர் சண்டையில் இருக்கிறார். 24 பேரில் எந்த நேரத்திலும் சண்டையில் இருப்பது 8 பேர். காப்பவர்கள் 14 பேர்தான், ஆனால் சண்டை அவர்கள் தலைக்கு மேலேயே நடக்கிறது. இரண்டு நிமிடத்தில் ஏறி வந்து ஐந்து நிமிடம் சண்டை போடுகிறார்கள். ஏழில் ஐந்து பங்கு, அதாவது 10 பேர் எப்போதும் களத்தில். லாபியில் 24-க்கு 14, வானத்தில் 8-க்கு 10. இப்போது தாக்குபவர்களில் யாரோ ஒரு புத்திசாலி ஹேங்கர்களை, அதாவது போர்விமானக் கொட்டகைகளை, குண்டு போட்டுத் தகர்க்கிறான். அவை மறுபடி எழும்வரை அங்கிருந்து போர்விமானம் கிளம்ப முடியாது. காப்பவர்கள் அடுத்த தளத்திலிருந்து வரவேண்டும், அதுவும் 25 மைல். அவர்களுடைய சுற்றும் பதினைந்து நிமிடமாகிவிடுகிறது. 14 பேரில் களத்தில் இருப்பது ஐந்துக்கும் குறைவு. லாபியில் ஒரு ஆள்கூட மாறவில்லை. வானத்தில் மட்டும் காப்பவர் பலம் ஒரே நொடியில் பாதிக்குக் கீழே போய்விட்டது. உங்கள் ஆட்டோ பேலன்ஸ் இதைப் பார்க்கவே பார்க்காது.

மூன்று நாடுகள் இருந்தால் பிரச்சினை இன்னும் ஒரு மடங்கு அதிகம். ஏசஸ் ஹை என்ற ஆன்லைன் விமானப் போர் ஆட்டம் 2000-இல் வந்தது. பிஷப், நைட், ரூக் என்று சதுரங்கக் காய்களின் பெயரில் மூன்று நாடுகள். அதை ஆடியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், மற்ற இரண்டு நாடுகளும் சேர்ந்து தங்களையே அடித்தன என்று மூன்று நாட்டுக்காரர்களும் சொல்வார்கள். அந்தப் புலம்பலில் உண்மையும் இருக்கிறது. நாட்டுக்கு நாற்பது பேர். முதல் நாடும் இரண்டாம் நாடும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளவே வேண்டாம். எங்கே தற்காப்பு குறைவோ அங்கே போவது மனித சுபாவம். இரண்டு கூட்டமும் மூன்றாம் நாட்டின் மேல் விழுந்தால், அந்த நாடு இருபது இருபதாகப் பிரிந்து இரண்டு பக்கமும் நாற்பது பேரைச் சந்திக்கிறது. மற்ற இரண்டுக்கும் நடுவில் இருக்கும் முனையில் ஒரு ஈகூட இல்லை. மூன்றாம் நாட்டுக்காரன் அரைமணி நேரம் அடிவாங்குவான், அப்புறம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுத் தூங்கப் போவான். அவனைப் போல ஐந்து பேர் போனதும் இருபது பதினைந்தாகிறது, அடி இன்னும் பலமாக விழுகிறது, அடுத்தவனும் போகிறான். ஒன்பதரை மணி மர்மம் இவ்வளவுதான். ராத்திரிச் சாப்பாடு முடித்துவிட்டு ஒரு ஸ்குவாட், அதாவது சேர்ந்தே ஆடும் நண்பர் கூட்டம், மொத்தமாக உள்ளே வந்திருக்கும், வேறொன்றும் இல்லை.

"நிஜப் போரில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்விதான், ஆனால் பதில் நமக்கு உதவாது. 1940-இல் பிரிட்டனைக் காத்த போர்விமானப் படையின் தலைவர் டவுடிங், சண்டையெல்லாம் தெற்கே நடந்தபோதும் வடக்குப் பகுதிக்கான 13-ஆவது குரூப் என்ற பிரிவில் போர்விமானங்களை வைத்திருந்தார். ஆகஸ்ட் 15 அன்று நார்வேயிலிருந்தும் டென்மார்க்கிலிருந்தும் ஜெர்மன் குண்டுவீச்சு விமானங்கள் வடக்கே வந்தன. பிரிட்டிஷ் விமானங்கள் எல்லாம் தெற்கே போயிருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. அங்கே காத்திருந்தவர்கள் நன்றாகக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தத் திசையிலிருந்து பகலில் அப்படி ஒரு பெரிய தாக்குதல் மறுபடி வரவில்லை. டவுடிங்கிடம் உத்தரவு போடும் அதிகாரம் இருந்தது. உங்கள் சர்வரில் வேலை முடிந்து வந்து, ஒரு மணி நேரம் சுடலாம் என்று உட்கார்ந்திருப்பவனிடம் "ஆளில்லாத முனையில் காவல் இரு" என்று சொல்லிப் பாருங்கள், இருக்க மாட்டான். இருக்க வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை.

அதனால்தான் சொல்கிறேன், தயவுசெய்து ஆளைப் பிடித்து இழுத்து மாற்றாதீர்கள். நடு ஆட்டத்தில் ஒருவனைத் தூக்கி எதிர்ப்பக்கம் போடும் ஆட்டோ பேலன்ஸ், பத்து நிமிட ஆட்டங்களுக்கு வேண்டுமானால் பொருந்தும். நாள்கணக்கில் ஓடும் போர்மேப்பில் அது விஷம். ஸ்குவாடில் ஆடுபவன் நண்பர்களோடு பேசுவதற்காக வருகிறான். அவனை எதிர்ப்பக்கம் தள்ளினால் அந்தப் பக்கம் பலம் கூடாது, ஒரு ஆள் லாகவுட் ஆவான். அவ்வளவுதான். பின்னாலேயே அவனுடைய நண்பர்களும் போவார்கள்.

சரி, என்ன செய்யலாம்? ஏசஸ் ஹை எடுத்த வழி, ஆளை விட்டுவிட்டு விமானத்தில் கைவைப்பது. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு எண் உண்டு, நல்ல விமானத்துக்குக் குறைந்த எண். ஒரு நாட்டில் கூட்டம் கூடக்கூட, குறைந்த எண் விமானங்கள் அந்த நாட்டுக்குப் பூட்டப்படும். கூட்டத்தோடு இருக்க ஆசையா, இரு, ஆனால் பி-51டி மாதிரி நல்ல விமானம் கிடைக்காது, கொஞ்சம் பழைய விமானத்தை எடுத்துக்கொள். எனக்குப் பிடித்த யோசனை இது, யாரையும் நண்பர்களிடமிருந்து பிரிப்பதில்லை. ஆனால் இந்த மாதிரி வரம்பை நாடு முழுமைக்கும் ஒரே எண்ணாகப் போட்டால் பழைய தப்பே வேறு வேஷத்தில் வரும். வடக்கே நாற்பது பேராகக் கூட்டம் போட்டவர்களுக்காக, தெற்கே ஐந்து பேராகத் திண்டாடுகிறவனுக்கும் நல்ல விமானம் கிடைக்காது. முனைவாரியாகக் கணக்கிடுங்கள். தளத்தைச் சுற்றி ஒரு வட்டம், அதற்குள் இரண்டு பக்கமும் எத்தனை பேர், கடைசிப் பதினைந்து நிமிட சராசரி என்ன. இதை எழுத அரை நாள் போதும். அந்த நொடியின் எண்ணிக்கையை மட்டும் எடுக்காதீர்கள், ஒருவன் பாராசூட்டில் குதித்ததும் விமானம் பூட்டிக்கொண்டு திறந்துகொண்டு விளையாடும்.

தரை, வானம், கடல் எல்லாம் சேர்ந்த டபிள்யூடபிள்யூ2 ஆன்லைன் என்ற இன்னொரு ஆட்டம் 2001-இல் வந்தது. அதில் கூட்டம் அதிகமான பக்கத்துக்கு ரீஸ்பான் தாமதம் கொண்டுவந்தார்கள். மேலே சொன்ன சுற்றுக் கணக்கை நேரடியாகத் திருத்தும் வழி அது. வேலை செய்யும். ஆனால் வெறும் திரையை முறைத்துக்கொண்டு காத்திருக்கச் சொன்னால் ஆடுகிறவனுக்கு எரிச்சல் வரும். அதே தாமதத்தைத் தூரமாக மாற்றிவிடுங்கள். கூட்டம் அதிகமான முனையில் முன்தளத்தை மூடி, பின்தளத்திலிருந்து கிளம்பச் சொல்லுங்கள். நிமிடம் அதேதான் போகும், ஆனால் அவன் பறந்துகொண்டிருப்பான், திட்ட மாட்டான்.

மேப் போடுகிறவர்களுக்கு ஒன்று. ஐம்பது பேர் ஆடும் சர்வரில் பத்து முனைகள் திறந்து வைக்காதீர்கள். காலையில் எட்டுப் பேர் இருக்கும்போது இரண்டு முனை போதும், ராத்திரி நூறு பேர் வந்தால் ஆறு திறக்கலாம். ஆள் வருவதற்கு ஏற்ப முனை திறக்கட்டும். ஆளே இல்லாத தளங்களைக் கூட்டமாகப் போய் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு வருவதைத்தான் மேப் நிறைய முனை வைத்து நீங்களே ஊக்குவிக்கிறீர்கள். அப்புறம் "இவங்க சண்டை போடாம தளம் பிடிக்கிறாங்க சார்" என்று என்னிடம் புகார். பிடிக்கத்தான் செய்வார்கள். வெற்றிக்கு ஒரு எதிரியிடம் மட்டும் தளம் பிடித்தால் போதாது, இரண்டு எதிரிகளிடமும் குறிப்பிட்ட பங்கு பிடித்தாக வேண்டும் என்று விதி வையுங்கள், மூன்றாம் நாட்டின் மேல் விழும் கூட்டம் தானாகப் பிரியும்.

பக்கம் மாறுவதற்கு மணிக்கணக்கில் தடை போட்டிருப்பீர்கள், உளவு பார்ப்பார்கள் என்ற பயத்தில். பயம் நியாயம்தான். ஆனால் குறைந்த பக்கத்துக்கு மாற விரும்புகிறவனை ஏன் தடுக்கிறீர்கள்? அந்தத் திசைக்கு மட்டும் கதவைத் திறந்து வையுங்கள், போனவனுக்குக் கூடுதல் புள்ளி கொடுங்கள். எங்கே ஆள் குறைவு என்பதை மேப்பிலேயே எல்லோருக்கும் காட்டுங்கள். தெரிந்தால் போகிறவர்கள் கொஞ்சம் பேராவது இருக்கிறார்கள். பழைய கைகளுக்கு, ஐந்து பேராக நின்று பதினைந்து பேரைத் தடுப்பதில் ஒரு தனிக் கிறுக்கு உண்டு.

ஆடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். உங்கள் ஸ்குவாட் பெரியது என்றால், லாகின் செய்யும்முன் எந்த நாடு குறைவு என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு மொத்தமாக அங்கே போங்கள். ஒரு பெரிய ஸ்குவாட் நாடு மாறினால் அன்றைய ராத்திரியே மாறிவிடும், எந்த நிரலாலும் அதைச் செய்ய முடியாது.

இனி என்னிடம் கேட்க வருகிறவர்கள் லாபி ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள், அதை நான் திறப்பதே இல்லை. ஒரு வாரத்து லாக் அனுப்புங்கள். நிமிடத்துக்கு ஒரு வரி, அதில் ஒவ்வொரு தளத்தைச் சுற்றியும் பறந்துகொண்டிருந்தவர்கள் எத்தனை, ஓடுபாதையில் எத்தனை, எந்த ஹேங்கர் எப்போது விழுந்து எப்போது எழுந்தது, யார் எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று இருக்கட்டும். பைலட் பெயர்கள் வேண்டாம், நாடும் நேரமும் போதும். பெரும்பாலானவர்கள் அந்த லாகை எடுக்கும்போதே விடையைப் பார்த்துவிடுவார்கள், எனக்கு அனுப்பவே வேண்டியிருக்காது.