விளக்குமாறை எடுக்கும் முன் இறக்கையைப் பாருங்கள்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் என் வாட்ஸ்அப்புக்கு வரும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வாசல் சுவர், டியூப் லைட், அதற்குக் கீழே கையகலத்தில் ஒரு பூச்சி. "சார், இது வௌவாலா? கடிச்சா விஷமா?" மதுரையில் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் பழைய மாணவர்களும் தெருக்காரர்களும் எனக்கே அனுப்புகிறார்கள். அனுப்பட்டும், சந்தோஷம்தான். ஆனால் போன வருடம் சிறுமலை அடிவாரத்திலிருந்து வந்த படத்தில் பூச்சி நசுங்கிக் கிடந்தது. பக்கத்தில் விளக்குமாறு. மனசே ஆறவில்லை.

அது அட்லஸ் அந்துப்பூச்சி. இறக்கையை விரித்தால் 20 செ.மீ.யைத் தாண்டும். செம்பழுப்பு நிறம். நான்கு இறக்கையிலும் முக்கோண ஜன்னல் போல ஓர் இடம் இருக்கும். இறக்கையை மூடியிருக்கும் தூள் போன்ற செதில் அங்கே கிடையாது, கண்ணாடி மாதிரி அந்தப் பக்கம் தெரியும். முன்னிறக்கையின் நுனி வளைந்து, ஒரு கரும்புள்ளியோடு பாம்பின் தலை போலவே இருக்கும். பறவையை மிரட்டத்தான் அந்த வேஷம் என்கிறார்கள். நம்மைக் கடிக்க அதற்கு வாயே சரியாக இல்லை. புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்பில்தான் ஓரிரு வாரம் வாழ்ந்து, இணை தேடி, முட்டையிட்டுச் சாகிறது. 1758இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் பெயரிட்ட 'அட்டாகஸ் அட்லஸ்' என்றே பலரும் இதைக் குறிப்பிடுகிறார்கள். ஆனால் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது அதன் நெருங்கிய உறவான 'அட்டாகஸ் டாப்ரோபானிஸ்'.

ஜன்னல் முக்கோணமாக இல்லாமல் வட்டமாக, சுற்றிலும் வளையத்தோடு, இறக்கைக்கு ஒன்றாக இருக்கிறதா? அப்படியானால் அது டஸ்ஸார் பட்டுப்பூச்சி. இதன் புழு மருத மரத்திலும் இலந்தையிலும் வளரும். எனக்கு வரும் "அட்லஸ்" படங்களில் பல இதுதான்.

ஜன்னலே இல்லை, வெளிர்பச்சை நிறம், பின்னிறக்கையில் நீண்ட வால் என்றால் நிலா அந்துப்பூச்சி. கரும்பழுப்பில், முன்னிறக்கைக்கு ஒன்றாகப் பெரிய கண் வரைந்ததுபோல் இருந்து, பகலில் மாடிப்படியடி இருட்டில் ஒட்டிக்கிடந்தால் ஆந்தை அந்துப்பூச்சி. கெட்ட சகுனம் என்று பலரும் அடிப்பது இதைத்தான். பாவம், அது பழச்சாறு குடிக்கிற ஜீவன்.

தொட்டால் கையில் ஒட்டும் தூளுக்கும் பயப்படுகிறார்கள். அது விஷமில்லை, இறக்கையின் செதில். அந்தச் செதில்கள் ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கடுக்காக இருப்பதால்தான் இத்தனை கோலமும். தேய்த்தால் கோலம் போய்விடும். அப்புறம் என்னாலும் அடையாளம் சொல்ல முடியாது. அதனால் தொடாமல் படம் எடுங்கள். பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்தால் அளவு தெரியும். உணர்கொம்பும் படத்தில் விழட்டும்: ஆந்தை அந்துப்பூச்சி தவிர மற்றவற்றில், அகன்ற இறகு போல இருந்தால் ஆண், ஒடுங்கியிருந்தால் பெண். படம் எடுத்ததும் விளக்கை அணைத்துவிடுங்கள். இருட்டினால் அதுவே கிளம்பிவிடும்.

அலங்காநல்லூர் பக்கம் ஒரு மாணவி அப்படித்தான் செய்தாள். காலையில் டஸ்ஸார் பூச்சி போய்விட்டிருந்தது, சுவரில் தட்டையாகச் சில முட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றைக் காகிதத்தோடு பெயர்த்து, கொல்லையில் நின்ற இலந்தைக் கிளையில் கட்டிவைத்தாள். ஒன்பதாம் நாள் எனக்கு அடுத்த படம் வந்தது: இலை ஓரத்தில் பொடிப்பொடியாகப் பதினோரு புழுக்கள்.